இரட்டை அச்சு இழுவைப் பெட்டியின் ரயர்கள்: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டு நீக்கும் வழிமுறை

இழுத்துச் செல்லும் வாகனத்தின் ரயர் ஒன்றில் காற்று குறைந்தால், ஓட்டுபவரின் கையிலுள்ள சுக்கானும் அவர் அமர்ந்திருக்கும் இருக்கையும் அதை உடனே உணர்த்திவிடும். பின்னால் வரும் பெட்டியின் ரயர் அப்படி எதையும் உணர்த்துவதில்லை. இரண்டு அச்சும் நான்கு சக்கரமும் உள்ள பெட்டியில் ஒரு ரயர் பாதிக் காற்றுடன் ஓடினாலும், அருகிலுள்ள ரயர் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு பல கிலோமீற்றர் வரும். முன்னால் இருப்பவருக்குத் தெரியவரும்போது றப்பர் துண்டுகள் வீதியில் பறந்துகொண்டிருக்கும். ஆகவே பெட்டியின் ரயரைப் பொறுத்தவரை, நின்ற இடத்தில் கண்ணாலும் கையாலும் பார்த்து அறியும் அறிகுறிகளைத் தவிர வேறு எச்சரிக்கை கிடைப்பதில்லை.

இணுவிலில் எங்கள் குடும்பத்திடம் இருப்பது, திருவிழாக்களில் அன்னதானச் சமையலுக்காகக் கொண்டு செல்லும் மூடிய பெட்டி. சமையல் முடிந்ததும் நால்வர் அதற்குள்ளேயே படுத்துறங்கலாம். அதைக் கப் வாகனம் ஒன்று இழுக்கிறது. கனடாவில் வாழும் என் மூத்த தமையனார் கோடை விடுமுறையில் இழுத்துச் செல்வது, கட்டில், குளியலறை, குளிர்சாதனப்பெட்டி எல்லாம் உள்ள பெரிய பயணப் பெட்டி. எங்கள் பெட்டி இங்கேயே இரும்பில் ஒட்டி அமைத்தது, அவருடையது தொழிற்சாலையில் செய்தது. இருந்தும் ரயர் விடயத்தில் இருவருக்கும் வந்த தொல்லைகள் ஒன்றாகவே இருந்தன. அந்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் எடுக்க வேண்டிய இரண்டு அளவுகள்

முதலாவது, குளிர்ந்த நிலையில் ஒவ்வொரு ரயரிலும் உள்ள காற்றழுத்தம். குளிர்ந்த நிலை என்பது பெட்டி குறைந்தது மூன்று மணித்தியாலம் ஓடாமல், வெயிலும் படாமல் நின்ற நிலை. எங்கள் ஊரில் சித்திரை, வைகாசி மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன் பார்ப்பதே சரி. கிழக்கு வெயில் ஒரு பக்கத்து ரயர்களில் விழத் தொடங்கிவிட்டால், அந்தப் பக்கம் கூடுதலாகக் காட்டும். ஓடிச் சூடேறிய ரயரில் அழுத்தம் 10 முதல் 15 வீதம் வரை ஏறுவது இயல்பு. அதைக் கண்டு வழியில் காற்றைத் திறந்துவிடுபவர், ஆறியபின் குறைந்த காற்றுடன் ஓடப்போகிறார்.

இரண்டாவது, ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் விழும் எடை. பெரும்பாலானோர் இதை அறிவதே இல்லை. பெட்டியின் மொத்த எடையை நான்கால் பிரித்துப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். நெல் ஆலைகளிலும் பழைய இரும்பு வாங்கும் இடங்களிலும் லொறியை ஏற்றி நிறுக்கும் தராசு இருக்கும். அதன் மேடை சுற்றுத் தரையோடு ஒரே மட்டத்தில் இருந்தால், பெட்டியை வாகனத்திலிருந்து கழற்றாமலே முதலில் முன் அச்சை மட்டும் ஏற்றி நிறுத்து, பிறகு இடப்பக்கச் சக்கரம் மட்டும் மேடையிலும் வலப்பக்கச் சக்கரம் வெளியிலும் நிற்கும்படி நகர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வலப்பக்கச் சக்கரத்தின் எடை கிடைக்கும். பின் அச்சுக்கும் இவ்வாறே. நான்கு எண்களும் கைக்கு வர அரைமணி நேரம் போதும். நிறுக்கும்போது பெட்டி பயணத்துக்குப் புறப்படும் நிலையில், நீர்த்தொட்டி நிரம்பி, பாத்திரங்களும் சிலிண்டர்களும் ஏற்றப்பட்டபடி இருக்க வேண்டும். வெறும் பெட்டியின் எடையை வைத்து ரயரைத் தெரிவு செய்ய முடியாது.

அறிகுறி: ஒரே சக்கரத்தில் மீண்டும் மீண்டும் ரயர் வெடிக்கிறது

மடு ஆவணித் திருவிழாவுக்குப் போகும் வழியில், புளியங்குளத்துக்கு அப்பால் எங்கள் பெட்டியின் இடது பின் ரயர் வெடித்தது. ரயர் மலிவானது, அதனால்தான் வெடித்தது என்று எண்ணி நான்கையும் புதிதாக மாற்றினோம். அடுத்த ஆண்டு அதே வீதியில், அதே இடது பின் சக்கரத்தில் புது ரயர் வெடித்தது. ரயரைக் குறை சொல்வதற்கு அதன் பிறகு இடமே இருக்கவில்லை. அப்போதுதான் பெட்டியை முதன்முறையாகத் தராசில் ஏற்றினோம்.

நான்கு சக்கரங்களும் சேர்ந்து தாங்கிய எடை 2850 கிலோகிராம். நான்கால் பிரித்தால் சக்கரத்துக்கு 712. பூட்டியிருந்த ரயர் 185 ஆர் 14 சி வகை, சுமைக் குறியீடு 102, அதாவது ஒரு ரயர் 850 கிலோகிராம் வரை தாங்கும். சராசரிப்படி எல்லாம் நன்றாகவே இருந்தது. தனித்தனியாக நிறுத்தபோது முன் இடது 700, முன் வலது 560, பின் வலது 690, பின் இடது 900 என்று வந்தது. நீர்த்தொட்டியும் பெரிய எரிவாயுச் சிலிண்டர்களும் இடப்பக்கப் பின்மூலையில் இருந்தன. சமைப்பவர்களுக்கு அந்த இடம் வசதி என்பதற்காக நாங்களே அங்கே வைத்தோம். ஆண்டுதோறும் அந்த ஒரு ரயர் தன் எல்லைக்கு மேலே 50 கிலோவைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது.

அளவுக்கு மீறிய சுமையும் குறைந்த காற்றும் ரயருக்குச் செய்யும் கேடு ஒன்றே. சக்கரம் ஒருமுறை சுழலும்போது, நிலத்தில் படும் இடத்தில் பக்கச்சுவர் மடிந்து மீண்டும் நிமிர்கிறது. மடிப்பு ஆழமாக ஆக உள்ளே பிறக்கும் வெப்பம் கூடுகிறது. றப்பர் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது, ஆகவே அது தோள்ப்பகுதியில், தரைப் பரப்பும் பக்கச்சுவரும் சந்திக்கும் இடத்தில், சேர்ந்துகொண்டே போகும். கம்பி இழைகளைப் பற்றியிருக்கும் றப்பர் தளர்ந்து, ஒரு கட்டத்தில் படைகள் பிரிகின்றன. கல்லோ ஆணியோ குத்தாமலே ரயர் வெடிப்பது இப்படித்தான். மதிய வெயிலில் கொதிக்கும் தார்வீதியும் வேகமும் இதை விரைவுபடுத்துகின்றன.

நாங்கள் செய்த திருத்தம் இரண்டு. பெரிய சிலிண்டர்கள் இரண்டை வலப்பக்கத்துக்கும் சற்று முன்னுக்கும் மாற்றினோம். இடது பின் சக்கரத்தின் எடை 780 ஆகக் குறைந்தது, ஏனைய மூன்றும் 650க்கும் 730க்கும் இடையில் வந்தன. பிறகே சுமைக் குறியீடு 106 உள்ள, 950 கிலோ தாங்கும் 195 ஆர் 14 சி ரயருக்கு மாறினோம். மிகக் கனமான சக்கரம்கூட ரயரின் வல்லமையில் 82 வீதத்தையே பயன்படுத்துகிறது. 15 முதல் 20 வீதம் வரை மிச்சம் வைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. பொருளை நகர்த்தாமல் ரயரை மட்டும் மாற்றியிருந்தால், 900 கிலோவுக்கு 950 என்ற விளிம்பிலேயே நின்றிருப்போம்.

அறிகுறி: ஒன்று வெடித்தது, மற்றவை பார்வைக்கு நன்றாக உள்ளன

இரண்டு அச்சுப் பெட்டியில் ஒரு ரயர் வெடித்த கணத்திலிருந்து வாகனம் நிற்கும் வரை, அதே பக்கத்திலுள்ள மற்ற ரயர் ஏறத்தாழ இரட்டிப்புச் சுமையில் ஓடுகிறது. வெளியே எந்தக் காயமும் தெரியாது. சில கிழமைகள் கழித்து அது வெடிக்கும்போது, வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்போம். வெடித்ததை ஓட்டுநர் உணராமல் பல கிலோமீற்றர் வந்திருந்தால், இரண்டாவது ரயரையும் கழற்றிவிடுவதையே நான் வலியுறுத்துவேன். சில நூறு மீற்றருக்குள் நிறுத்தியிருந்தால், றிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தைப் பார்க்க வேண்டும். உட்சுவரில் வட்டமாகச் சுருக்கமோ, நிறம் மாறிய பட்டையோ, தடவும்போது கையில் ஒட்டும் கறுப்புத் தூளோ இருந்தால் அந்த ரயர் அளவுக்கு மீறி மடிந்திருக்கிறது. அதைப் பூட்டவே கூடாது.

அறிகுறி: ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சுடுகிறது

ஏ9 வீதியில் தெற்கே போகும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று தேங்காய் உடைத்துவிட்டே போகும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடிவந்த அந்த இடம், பெட்டியைப் பரிசோதிப்பதற்கும் மிகப் பொருத்தமானது. ரயர்களும் சக்கரக் குடங்களும் தங்கள் இயல்பான சூட்டை அடைந்திருக்கும், ஆற நேரம் இருந்திருக்காது. கற்பூரம் கொளுத்தப் போவதற்கு முன், இறங்கியவுடனே, நான்கு சக்கரங்களையும் புறங்கையை அருகே கொண்டுசென்று உணர்ந்து பாருங்கள். எல்லாம் சுடத்தான் செய்யும். அவற்றுள் ஒன்று மட்டும் வேறுபடுகிறதா என்பதே கேள்வி. வெப்பத்தை எட்ட நின்று அளக்கும் சிறு கருவி இருந்தால், எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

வேறுபடும் சக்கரத்தில் சூடு எங்கே இருக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். ரயரின் தோள்ப்பகுதி சுட்டு, நடுவிலுள்ள குடம் அவ்வளவாகச் சுடாவிட்டால் காரணம் காற்று அல்லது சுமை. குடம் கைவைக்க முடியாதபடி கொதித்து, சூடு அங்கிருந்து றிம்முக்குப் பரவியிருந்தால் காரணம் பெயாரிங் அல்லது விடுபடாத பிறேக். பின்னதை ரயரின் பிழை என்று எண்ணிப் புது ரயர் பூட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். புது ரயரும் அதே சூட்டில் வெந்தது.

பெயாரிங்கைச் சோதிக்கச் சக்கரத்தை ஜக்கில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். தெளிவான ஆட்டமோ, சுழற்றும்போது மணல் அரைபடுவது போன்ற ஒலியோ இருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பழைய கிறீஸைக் கழுவிப் புதிதாக அடைப்பதும், கிறீஸ் கசியாதபடி அடைக்கும் சீல் வளையத்தை மாற்றுவதும் போதுமானது. படகு ஏற்றும் பெட்டிகளுக்கு இது போதாது. மயிலிட்டியிலோ குருநகரிலோ சக்கரம் உப்புநீருக்குள் இறங்கி ஏறும் பெட்டியில், சூடேறிய குடம் நீரில் பட்டுக் குளிரும்போது உள்ளே நீரை இழுத்துக்கொள்கிறது. அங்கே சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதே பாதுகாப்பு. பிறேக் விடுபடாவிட்டால், உயர்த்திய சக்கரம் கையால் சுழற்ற இறுகி நிற்கும். கேபிளின் துருவும், மீள இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்ததும் இங்கே வழக்கமான காரணங்கள்.

அறிகுறி: தேய்வு ஒரே சீராக இல்லை

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு மிஞ்சினால் காற்று குறைவு அல்லது சுமை அதிகம். நடு மட்டும் தேய்ந்தால், சுமைக்கு வேண்டியதைவிடக் காற்று அதிகம். இவ்விரண்டும் எல்லோரும் அறிந்தவை.

நான்கு ரயர்களிலும் அல்லது ஓர் அச்சின் இரண்டு ரயர்களிலும் உள்ஓரம் மட்டும் தேய்ந்தால், அச்சைப் பார்க்க வேண்டும். நல்ல அச்சுக்குழாய், வெறும் பெட்டியில் நடுப்பகுதி மிகச் சிறிது மேல்நோக்கி வளைந்திருக்கும்படி செய்யப்படுகிறது. சுமை ஏறும்போது அது நேராகி, சக்கரங்கள் செங்குத்தாக நிற்கும். அளவுக்கு மேல் ஏற்றினால் குழாய் கீழ்நோக்கி வளைந்து, சக்கரங்களின் மேற்பகுதி உள்ளே சாய்கிறது. தேய்வு உள்ஓரத்துக்கு வருவது இதனால்தான். இங்கே இரும்புக் குழாயை வெட்டி ஒட்டி அமைக்கும் பெட்டிகளில் அந்த முன்வளைவு பெரும்பாலும் வைக்கப்படுவதில்லை. ஆதலால் இந்தத் தேய்வு அளவான சுமையிலும் தோன்றும்.

ஒரே ஒரு சக்கரத்தில் இத்தேய்வு தோன்றினால், பாலத்து விளிம்பிலோ மதகிலோ மோதி அந்தப் பக்கத்துத் தண்டு வளைந்திருக்கக்கூடும்.

ரயரின் மேல் கையைக் குறுக்காக ஓட்டும்போது, ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் வாள்பல் போலவும் உணர்ந்தால், இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடவில்லை. இதை அளக்கப் பெரிய கராஜ் தேவையில்லை. சக்கரத்தை உயர்த்திச் சுழற்றி, தரைப் பரப்பின் நடுவில் சுண்ணக்கட்டி பூசி, அசையாமல் பிடித்த ஆணியால் ஒரு கோடு கீற வேண்டும். மற்றப் பக்கத்திலும் அவ்வாறே. பெட்டியை இறக்கி, ஒரு வாகன நீளம் முன்னோக்கி இழுத்து நிறுத்தி, இரண்டு கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை ரயரின் முன்பக்கத்தில் ஒருமுறையும் பின்பக்கத்தில் அதே உயரத்தில் ஒருமுறையும் அளவுநாடாவால் அளக்க வேண்டும். வித்தியாசம் 3 மில்லிமீற்றர் என்றால் அது அற்பமாகத் தோன்றும். 650 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரயரில் அதன் பொருள், ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இரண்டு மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் உரசப்படுகிறது என்பதே. மடுவுக்குப் போய்வரும் தூரத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள்.

மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் பெயாரிங் தளர்வு, சமநிலை செய்யாத சக்கரம் ஆகிய இரண்டையும் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் பிறேக் பூட்டிச் சக்கரம் இழுபட்டிருக்கிறது.

ஒழுங்கைகளைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு அச்சுகள் அடுத்தடுத்து இருப்பதால், ஒடுக்கமான ஒழுங்கையில் பெட்டியைச் சட்டென்று திருப்பும்போது முன் சக்கரங்கள் ஒரு பக்கமாகவும் பின் சக்கரங்கள் எதிர்ப்பக்கமாகவும் உரசப்படுகின்றன. மதிலும் வேலியும் இடம் தராத மூலையில், முழுச் சுமையுடன் நின்ற இடத்திலேயே வாகனத்தை வளைத்தால் பக்கச்சுவர்கள் முறுகுவதைக் கண்ணாலேயே காணலாம். அப்போது பிரியத் தொடங்கும் படைகள், மாதங்கள் கழித்து நெடுவீதியில்தான் தங்களைக் காட்டும். எங்கள் ஒழுங்கையில் நீர்த்தொட்டியை நிரப்பாமலே உள்ளே வருகிறோம். பெருந்தெருவுக்கு வந்தபின்தான் நிரப்புகிறோம்.

அறிகுறி: புடைப்பு, அல்லது புதிதாகத் தொடங்கிய அதிர்வு

பக்கச்சுவரில் கோழிமுட்டை போல ஒரு புடைப்பு தெரிந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன. தரைப் பரப்பில் மேடு எழும்பினால் கம்பிப்படை பிரிந்துவிட்டது. இரண்டுக்கும் பழுதுபார்த்தல் என்பதே கிடையாது, ஒட்டுக்கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்த ரயரில் மேலும் ஓட வேண்டாம். தொடக்கநிலை மேட்டைக் கண்ணால் காண்பது கடினம். சக்கரத்தை உயர்த்தி, தரைப் பரப்புக்கு மிக அருகே ஒரு தடியை நிலத்தில் ஊன்றி, மெதுவாகச் சுழற்றினால் இடைவெளி ஓரிடத்தில் ஒடுங்குவது தெரியும். ரயர் முழுவதும் ஒரே சீராக ஏறி இறங்கினால் றிம் வளைந்திருக்கலாம். ஆகவே றிம்மின் விளிம்பையும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

அறிகுறி: தேயவில்லை, ஆனால் நுண்ணிய பிளவுகள் தெரிகின்றன

பெட்டி ஆண்டில் பத்து மாதம் வீட்டு வளவில் நிற்கிறது. ஆகையால் அதன் ரயர் தேய்ந்து அழிவதில்லை, வயதாகி அழிகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் றப்பரை உலர்த்திப் பிளக்கச் செய்கின்றன. ஓடும் ரயரில் றப்பருக்குள் கலந்துள்ள பாதுகாப்பு மெழுகு மேற்பரப்புக்கு வந்துகொண்டிருக்கும், நிற்கும் ரயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பதைக் கண்டு பழைய ரயரை நம்புவது பெட்டிக்காரர்களிடம் நான் மிக அதிகமாகக் காணும் பிழை.

பக்கச்சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் எழுத்துத் தொடரின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்யப்பட்டது. ஒரு பக்கத்தில் மட்டுமே முழுத் தொடர் இருக்கலாம், ஆகவே உட்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெட்டியின் ரயருக்கு ஐந்து ஆண்டுகள் நிறைந்ததும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கவனமாகச் சோதித்து, ஆறாவது ஆண்டில் மாற்றிவிடுவது நான் கடைப்பிடிக்கும் வழக்கம். வாங்கும்போதும் இந்த இலக்கங்களைப் பார்த்தே வாங்குங்கள். கடையில் இரண்டு ஆண்டு கிடந்த ரயரைப் புது விலைக்கு வாங்குபவர், அதன் ஆயுளில் மூன்றிலொரு பங்கைக் கையில் எடுக்கும் முன்பே இழந்துவிடுகிறார்.

நிறுத்தி வைக்கும்போது ரயர்களை வெயில்படாமல் மூடுவதும், வெறும் மண்ணில் நிற்காதபடி பலகையில் ஏற்றி வைப்பதும், முழுக் காற்றுடன் வைப்பதும் பயன் தரும். பச்சைத் தென்னோலை சாத்தி வைத்தாலும் வெயில் படாது, செலவும் இல்லை.

அறிகுறி: சில நாள்களில் காற்று இறங்கிவிடுகிறது

சவர்க்கார நுரையை முதலில் வால்வின் வாயிலும், பிறகு வால்வு றிம்மில் பொருந்தும் அடியிலும், பிறகு றிம்மின் விளிம்பைச் சுற்றியும், கடைசியாகத் தரைப் பரப்பிலும் பூசிப் பாருங்கள். எங்கள் பகுதியில் றிம் விளிம்பே பெரும்பாலும் குற்றவாளி. கடற்காற்றில் இரும்பு றிம் துருப்பிடித்துச் செதில் எழும்பினால் ரியூப் இல்லாத ரயர் அதில் இறுகப் பொருந்தாது. ரயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, நிறம் பூசிக் காயவிட்டுப் பூட்டினால் தீரும். துரு இரும்பை அரித்துக் குழி விழுந்திருந்தால் றிம்மை மாற்றுவதே வழி. ரியூப் போட்டுச் சமாளிக்கும் வழக்கம் இங்கே உண்டு. ரியூப் இல்லாமல் ஓடுவதற்கென்று செய்த ரயருக்குள் ரியூப் உராய்ந்து சூடேறுகிறது. ஆணி குத்தினால் மெதுவாக இறங்க வேண்டிய காற்றும் ஒரே கணத்தில் போய்விடுகிறது. நெடும்பயணப் பெட்டிக்கு அதை நான் ஏற்கமாட்டேன்.

தரைப் பரப்பில் ஆணி ஏறிய துளை 6 மில்லிமீற்றருக்கு உட்பட்டதென்றால், ரயரைக் கழற்றி உட்பக்கத்தில் ஒட்டும் முறையால் சரிசெய்யலாம். தோளிலும் பக்கச்சுவரிலும் உள்ள துளையை ஒட்டக் கூடாது.

அறிகுறி: பெட்டி வாலாட்டுகிறது

ரயர் மாற்றியபின் புதிதாக வாலாட்டத் தொடங்கினால், பக்கச்சுவர் மென்மையான கார் ரயர் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரயர் மாற்றாமலே ஆட்டம் வந்தால் பெரும்பாலும் சுமை பின்னுக்குப் போயிருக்கிறது. பெட்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் இழுவைக் கொளுவியில் இருக்க வேண்டும்.

உயர்ந்த தரத்துக்கு மாறும்போது

வட அமெரிக்காவில் பெட்டிகளுக்கென்றே எஸ்.ரி. என்ற அடையாளத்துடன் ரயர்கள் விற்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் நாம் வாங்குவது வான்களுக்கும் சிறு லொறிகளுக்கும் உரிய, அளவின் முடிவில் சி என்ற எழுத்துள்ள ரயர்கள். பக்கச்சுவர் உறுதியான இந்த வகை நம் பெட்டிகளுக்குப் பொருத்தமானது. கார் ரயரைப் பெட்டிக்குப் பூட்டுவதானால், அதில் எழுதிய சுமையை 1.1 ஆல் பிரித்துக் குறைத்தே கணக்கிட வேண்டும் என்பது ரயர்த் துறையின் விதி. அதையும் மீறி நான் கார் ரயரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சி ரயரில் 106/104 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தனிச்சக்கரத்துக்கும், இரண்டாவது லொறியின் பின்பக்கம் போல ஒரே குடத்தில் இரண்டு சக்கரங்கள் சேர்த்துப் பூட்டுவதற்கும் உரியவை. இரண்டு அச்சுப் பெட்டியில் ஒவ்வொரு குடத்திலும் ஒரு சக்கரமே உள்ளதால் நமக்கு உரியது முதல் எண். குறியீடு 102 என்றால் 850, 104 என்றால் 900, 106 என்றால் 950, 112 என்றால் 1120 கிலோகிராம். எட்டுப் படை என்று கடையில் சொல்வது வலிமையின் தரமே, உள்ளே எண்ணிப் பார்த்தால் எட்டு இருக்காது. அந்தச் சொல்லை விட்டுச் சுமைக் குறியீட்டைக் கேளுங்கள்.

தமையனாரின் பெட்டியில் 15 அங்குல றிம்மில் 225/75 அளவுள்ள, சுமைத் தரம் டி என்ற எழுத்தால் குறிக்கப்பட்ட ரயர் இருந்தது. 65 பி.எஸ்.ஐ. காற்றில் 2540 இறாத்தல் தாங்கும். அதே அளவில் ஈ தரத்துக்கு மாறினால் 2830 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1285 கிலோ தாங்கும். மாறியபின் அவர் பழையபடி 65 பி.எஸ்.ஐ. காற்றே அடித்து ஓடினார். சுமையைத் தாங்குவது காற்று. றப்பர் அந்தக் காற்றை அடைத்து வைக்கும் கலம் மட்டுமே. கூடுதல் வல்லமை 80 பி.எஸ்.ஐ. அடித்தால்தான் கிடைக்கும். 65 இல் ஈ தர ரயரும் 2540 என்ற அதே அளவையே தாங்கும். காசைக் கொடுத்து வாங்கிய பலத்தை அவர் ஒரு கோடை முழுவதும் பயன்படுத்தவே இல்லை.

அவர் 80 அடிக்கப் போனபோது வேறு இரண்டு தடைகள் எழுந்தன. கார்களில் காணும், றிம் துளையில் இழுத்துப் பொருத்தும் சாதாரண றப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்குமே உரியது. அதற்கு மேலே உயர் அழுத்த வால்வோ, நட்டால் இறுக்கும் உலோக வால்வோ வேண்டும். அடுத்தது றிம். றிம்முக்கும் தாங்கும் எடை உண்டு, பெரும்பாலும் அதன் பின்பக்கத்தில் பொறித்திருப்பார்கள். றிம் 2600 இறாத்தலுக்கு உரியதென்றால் 2830 இறாத்தல் ரயரைப் பூட்டியும் நாம் 2600ஐ மீற முடியாது. இந்தச் சங்கிலி றிம்மோடு முடிவதுமில்லை: அச்சு, ஸ்பிரிங், பெயாரிங் ஆகியவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே பெட்டியின் எல்லை. உயர்ந்த ரயரால் நாம் பெறுவது கூடுதல் பாதுகாப்பு. அதைக் கூடுதல் பொருள் ஏற்றுவதற்கான அனுமதியாகக் கொண்டு, பழைய பிழையைத் திரும்பச் செய்பவர்கள் பலர்.

அளவு பெரிதாகும்போது இடத்தையும் பார்க்க வேண்டும். 185இலிருந்து 195க்கு மாறியபோது எங்கள் ரயரின் மேல்விளிம்பு 8 மில்லிமீற்றர் அளவு உயர்ந்தது. அது சிறிதாகத் தெரிந்தாலும், பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது மேலுள்ள தகட்டில் உரசக்கூடும். முன்னும் பின்னும் உள்ள இரண்டு ரயர்களுக்கு இடையே கை தாராளமாகப் போகும் இடைவெளி மிஞ்ச வேண்டும். றிம்மின் அகலம், நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் வட்டமும், நடுத்துளை ஆகியன குடத்துக்குப் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். நூல்படை ரயரையும் கம்பிப்படை ரேடியல் ரயரையும் ஒரே அச்சில் கலக்கக் கூடாது. பாவித்த ரயரையும், தேய்ந்த ரயரின் மேல் புது றப்பர் வார்த்ததையும் வளவுக்குள்ளும் வயலுக்கும் ஓடும் உழவு இயந்திரப் பெட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். ஏ9 வீதியில் ஆள்கள் படுத்துறங்கும் பெட்டியை அவற்றில் கொண்டு செல்ல மனம் துணியவில்லை.

புது ரயர் பூட்டிய முதல் பயணத்தில், சக்கர நட்டுகளைக் குறித்த முறுக்கத்தில் எதிரெதிராக இறுக்கி, முறிகண்டியில் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். அந்த 80 கிலோமீற்றருக்குள் நிறப்பூச்சும் துருவும் அமுங்கி நட்டுகள் சற்றுத் தளர்ந்திருக்கும். மேலதிகச் சக்கரத்தையும் அதே அளவு, அதே சுமைக் குறியீடு உள்ளதாக வாங்கி, மாதத்துக்கு ஒருமுறை அதன் காற்றையும் பாருங்கள். எங்கள் முதல் வெடிப்பின்போது மேலதிக ரயர் பெட்டியின் அடியில் துருப்பிடித்த கொளுவியில் தொங்கியது. அதில் இருந்த காற்று 12 பி.எஸ்.ஐ. மட்டுமே. ஓமந்தையிலிருந்து ஒருவர் மோட்டார்சைக்கிளில் காற்றுப் பம்பியைக் கொண்டுவரும் வரை, வாடிய காய்கறிகளுடன் மூன்று மணித்தியாலம் வீதியோரத்தில் நின்றோம்.